வார லீவில் பழவேற்காடு: ஆட்டோவில் ஒரு நாள் சுற்ற அக்காவின் டிப்ஸ்

தங்கச்சி, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது, இன்னும் ஹாஸ்டல், கம்பெனி பஸ், லைன் தவிர எதையும் பார்க்கவில்லை என்று போனில் சொன்னாய். வார லீவு வந்தால் துணி துவைத்து, தலைக்குக் குளித்து, தூங்கி எழுந்திருப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது என்றாய். நானும் அதே சிப்காட்டில் வேலை பார்த்தவள்தான். முதல் வருஷம் எனக்கும் அப்படித்தான் போனது. ரெண்டு ஸ்டேஷன் தள்ளி இறங்கி ஒரு ஆட்டோ பிடித்தால் கடலும் ஏரியும் நானூறு வருஷத்துக் கதையும் இருக்கிறது என்று அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதனால் உனக்கும், உன்னைப்போல ஊரைவிட்டு வந்து இங்கே ஷிஃப்ட் பார்க்கிற எல்லாத் தங்கச்சிகளுக்கும் இதை எழுதுகிறேன்.

1. திரும்பும் நேரத்தை முதலில் முடிவு செய்

சென்னைத் துறைமுகத்திலிருந்து 2022 முதல் சொகுசுக் கப்பல் சுற்றுலா நடந்தது உனக்குத் தெரிந்திருக்கும். அப்படிப்பட்ட கப்பல் ஒரு ஊரில் காலையில் நின்றால் சாயங்காலம் புறப்பட்டுவிடும். இறங்கிப் போகிறவர்கள் ஆட்டோ பிடித்து நாலைந்து இடம் பார்த்துவிட்டு, சொன்ன நேரத்துக்குள் வந்து ஏறியாக வேண்டும். ஒருத்தருக்காகக் கப்பல் காத்திருக்காது. அதனால் அவர்கள் திரும்பும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுவார்கள்.

நமக்கு ஷிஃப்ட் பஸ்தான் கப்பல். அன்று இரவு ஷிஃப்ட் இருந்தால், போவதற்கு முன் குறைந்தது நாலு மணி நேரம் தூங்க வேண்டும். அப்படியானால் சாயங்காலம் 4 மணிக்கு ஹாஸ்டலில் இருக்க வேண்டும். அதற்கு 3 மணிக்குப் பொன்னேரி ஸ்டேஷன், 2 மணிக்குப் பழவேற்காட்டிலிருந்து கிளம்பல். இந்த மூன்று நேரத்தையும் ஒரு தாளில் எழுதிக் கைப்பையில் வை. எந்த இடத்தைப் பார்ப்பது என்பதை அதற்கப்புறம் யோசி.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். முதல் தடவை போனபோது நானும் ரூமில் இருந்த ரெண்டு பேரும் போவதற்கு மட்டும் ஆட்டோ பேசிவிட்டோம். திரும்பும் நேரத்தில் ஆட்டோவும் இல்லை, பஸ்ஸும் அப்போதுதான் போயிருந்தது. அன்றைக்கு ஷிஃப்டுக்குத் தாமதமாகிவிட்டது, மூன்று பேருக்கும் அரை நாள் சம்பளம் பிடித்துவிட்டார்கள். பணம்கூடப் பரவாயில்லை. இனிமேல் வெளியே போகவே வேண்டாம் என்று அதில் ஒருத்தி முடிவு கட்டிவிட்டாள். அதுதான் எனக்கு இன்றைக்கும் வருத்தம்.

2. பொன்னேரி வரை ரயில், அங்கிருந்து ஆட்டோ

கும்மிடிப்பூண்டியிலிருந்தே ஆட்டோ பேசாதே, தூரமும் காசும் கூடிவிடும். சென்னை போகிற புறநகர் ரயிலில் ஏறினால் அடுத்தது கவரைப்பேட்டை, அதற்கடுத்தது பொன்னேரி. சென்னையிலிருந்து தோழி யாராவது வருவதானால், சென்ட்ரல் பக்கத்தில் இருக்கிற மூர் மார்க்கெட் புறநகர் நிலையத்தில் கும்மிடிப்பூண்டி ரயில் பிடித்து, மீஞ்சூர், அனுப்பம்பட்டு தாண்டிப் பொன்னேரியில் இறங்கச் சொல்.

ஞாயிற்றுக்கிழமை ரயில் குறைவு. தண்டவாளப் பராமரிப்பு என்று சில நாள் சில ரயிலை ரத்து செய்வார்கள். முந்தின நாளே ஸ்டேஷனில் கேட்டுக்கொள். டிக்கெட் எடுக்கும்போதே போகவர சேர்த்து எடுத்துவிடு. திரும்பும்போது வரிசையில் நிற்கிற பத்து நிமிஷத்தில் ஒரு ரயில் போய்விடும்.

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு சுமார் 20 கிலோமீட்டர். பஸ்ஸும் இருக்கிறது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தாக இருந்தால் 2021-லிருந்து நமக்கு டிக்கெட் காசு கிடையாது. ஆனால் பழவேற்காட்டில் பார்க்க வேண்டியவை ஒரே இடத்தில் இல்லை. ஏரிக்கரை ஒரு பக்கம், கல்லறை ஒரு பக்கம், கலங்கரை விளக்கக் குப்பம் பாலத்துக்கு அப்பால். வெயிலில் நடந்தால் பாதியிலேயே களைத்துவிடுவாய். கையில் காசு குறைவென்றால் போகும்போது பஸ், ஊருக்குள் சுற்ற மட்டும் ஆட்டோ என்று வைத்துக்கொள். மூன்று பேர் சேர்ந்தால் பொன்னேரியிலேயே ஆட்டோ பேசிவிடு.

3. ஆட்டோ பேசும் முறை

இடம் இடமாகப் பேசாதே, மொத்தமாகப் பேசு. "அண்ணா, பழவேற்காடு போய், நாலு மணி நேரம் சுத்திப் பார்த்துட்டு, திரும்ப பொன்னேரி ஸ்டேஷன்ல விடணும். வெயிட்டிங் சேர்த்து மொத்தம் எவ்வளவு?" என்று ஒரே மூச்சில் கேள். பார்க்கப்போகிற இடங்களின் பெயரைச் சொல்லு. பாலம் தாண்டிக் கலங்கரை விளக்கக் குப்பம் போக வேண்டும் என்பதைக் கட்டாயம் சொல்லு. வாடகைத் தகராறு பாதிக்கு மேல் இந்தச் சொல்லாமல் விட்ட இடத்தால்தான் வருகிறது.

ரெண்டு மூன்று பேரிடம் கேட்டால் நியாயமான தொகை தானாகத் தெரியும். போகவர 40 கிலோமீட்டர், ஊருக்குள் ஒரு பத்துப் பன்னிரண்டு, அதோடு நாலு மணி நேரக் காத்திருப்பு. இந்த மூன்றையும் மனதில் வைத்துப் பேசு. அந்த நாலு மணி நேரத்தில் அவருக்கு வேறு சவாரி கிடையாது. அவருடைய அரை நாளை நாம் வாங்குகிறோம். அதற்குள்ள கூலியைக் கொடுப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

பணத்தை ஸ்டேஷனில் இறங்கியதும் கொடு. பெட்ரோலுக்கு முன்பணம் கேட்டால் கொஞ்சம் மட்டும் கொடுத்துவிட்டு, மீதி எவ்வளவு என்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொள். போனில் அனுப்பலாம் என்று நம்பிப் போகாதே, சில்லறையாகப் பணம் வைத்திரு.

ஆட்டோவில் மூன்று பேர்தான் உட்கார வேண்டும். ஆறு பேர் போனால் ரெண்டு ஆட்டோ எடுங்கள். ஏறுவதற்கு முன் வண்டி எண்ணைப் போட்டோ எடுத்து, ஹாஸ்டலில் இருக்கிற ஒருத்திக்கு அனுப்பு, டிரைவருக்குத் தெரியும்படியே அனுப்பு. நல்ல மனிதர் யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். 181 பெண்கள் உதவி எண், 112 அவசர எண், இந்த ரெண்டும் மனப்பாடமாக இருக்கட்டும்.

4. ஏரியை முதலில் பார்

வெயில் ஏறுவதற்குள் ஏரிக்கரைக்குப் போய்விடு. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி இதுதான். பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது, தென்கோடி நம் திருவள்ளூர் மாவட்டத்தில். பொன்னேரி வழியாக வருகிற ஆரணியாறு இங்கேதான் வந்து சேர்கிறது. கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் நீளமாகக் கிடக்கிற மணல் தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா.

நவம்பரிலிருந்து மார்ச் வரை போனால் பூநாரைகளைப் பார்க்கலாம். வளைந்த அலகைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டு, சேற்று நீரை வடிகட்டித் தின்னும். அந்தத் தீனியில் இருக்கிற நிறம்தான் அதன் இறக்கையில் இளஞ்சிவப்பாக ஏறுகிறது. தண்ணீர் எங்கே ஆழம் குறைவோ அங்கேதான் நிற்கும், அந்த இடம் நாளுக்கு நாள் மாறும். அதனால் "இந்த வாரம் பறவை எந்தப் பக்கம் நிக்குதுண்ணா?" என்று டிரைவரிடம் கேள். எந்தப் புத்தகத்தையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும். பறந்தால் போட்டோ நன்றாக வரும் என்று கல்லெறிகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நீ செய்யாதே, உன்னோடு வருகிறவர்களையும் செய்ய விடாதே. ஆயிரம் மைல் பறந்து வந்து இரை தேடுகிற உயிர் அது.

காலையில் வலையிலிருந்து இறால், நண்டு, மடவை வந்து இறங்குவதையும் பார். இந்த ஏரியில் யார் எந்த நாளில் எங்கே வலை போடலாம் என்பதை மீனவக் கிராமங்கள் தங்களுக்குள் முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. அதற்குப் பாடு என்று பெயர். நல்ல இடம் ஒரே ஆளுக்குப் போய்விடாமல் சுற்றில் எல்லோருக்கும் கிடைக்கச் செய்கிற ஏற்பாடு. நம் லைனில் ஷிஃப்ட் மாற்றிப் போடுவது போல என்று நினைத்துக்கொள், சட்டென்று புரிந்துவிடும். முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து அடைத்துக்கொண்டால் கடல் தண்ணீர் உள்ளே வராது, மீன் குறைந்துபோகும். அங்கே யாரிடம் பேசினாலும் இந்தக் கவலையைச் சொல்வார்கள். நின்று கேள்.

5. கப்பல் வந்த ஊரின் கதை

பத்து மணிக்கு மேல் டச்சுக் கல்லறைக்குப் போகச் சொல். தொல்லியல் துறை பாதுகாக்கிற இடம். வாசலிலேயே கல்லில் செதுக்கிய ரெண்டு எலும்புக்கூடுகள் நிற்கும், பயந்துவிடாதே. உள்ளே பெரிய கல்பலகைகளில் டச்சு மொழியில் நுணுக்கமாக எழுத்து வெட்டியிருப்பார்கள். கையால் தேய்க்காதே, மேலே ஏறி உட்கார்ந்து படம் எடுக்காதே. அது சமாதி.

இவர்கள் ஏன் இங்கே வந்து செத்தார்கள் என்று கேட்பாய். துணிக்காக வந்தார்கள். 1613-ல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்டிரியா கோட்டையை எழுப்பினார்கள். சோழமண்டலக் கரையில் அவர்களுடைய வியாபாரத்துக்கு 1690 வரை இந்த ஊர்தான் தலைமையிடம், பிறகு நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். இந்தக் கரையில் நெய்த துணியை வாங்கிப் போய் இந்தோனேசியத் தீவுகளில் கொடுத்து, கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கினார்கள். பெரிய கப்பல் கரைக்கு வர முடியாது, கடலில் தள்ளி நிற்கும், சின்னப் படகில்தான் ஆளும் சரக்கும் ஏறி இறங்கும். மலேசியாவில் இன்றைக்கும் கட்டம்போட்ட கைலிக்கு 'கைன் பெலிக்காட்' என்று பெயர். பெலிக்காட் என்பது நம் பழவேற்காடுதான்.

கப்பலில் துணி மட்டும் போகவில்லை. பஞ்ச காலங்களில் நம் ஜனங்களையே அடிமைகளாக வாங்கி, இந்தக் கரையிலிருந்து பத்தாவியாவுக்கு ஏற்றி அனுப்பினார்கள். இன்றைய ஜகார்த்தாதான் அது. கல்லறையில் பெயர் எழுதியிருப்பவர்களைப் பார்க்கும்போது, பெயர் எழுதப்படாமல் போன அந்த ஜனங்களையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்.

1825-ல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. கோட்டை என்று தேடிப் போனால் இன்று புதர் மண்டிய மேடும் அகழியின் தடமும்தான் மிச்சம். ஐந்து நிமிஷம் நின்று பார்த்துவிட்டு நகரலாம். மேட்டில் ஏறாதே, பாம்பு இருக்கும்.

போர்த்துக்கீசியர் காலத்தில் தொடங்கிய மகிமை மாதா கோயில், சூரியக் கடிகாரம் இருக்கிற சின்னப் பள்ளிவாசல், ராமாயணக் காட்சிகளைச் சின்னச் சின்னதாகச் செதுக்கிய பழைய ஆதிநாராயணப் பெருமாள் கோயில் என்று மூன்று சமயத்தின் பழைய தலங்களும் அருகருகே இருக்கின்றன. பள்ளிவாசலுக்குள் பெண்கள் போகலாமா என்பதை வெளியே இருக்கிற பெரியவர்களிடம் பணிவாகக் கேள். வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தையும் ஞாயிறு காலைப் பூசை நேரத்தையும் விட்டு வேறு நேரத்தில் போ. நேரம் குறைவென்றால் இதில் ஒன்றை மட்டும் பார். மூன்றையும் ஓடி ஓடிப் பார்ப்பதைவிட ஒன்றை உட்கார்ந்து பார்ப்பது நல்லது.

பனை ஓலையில் பெட்டி, கூடை முடைகிற பெண்கள் இந்த ஊரில் உண்டு. வாங்க வேண்டுமென்றால் முடைகிறவர் கையிலேயே வாங்கு, பேரம் பேசாதே. ஒரு கூடைக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது என்று கேட்டுப் பார். நீயும் கைவேலைக்காரிதான், உனக்கு அந்தக் கணக்கு புரியும்.

6. கடலும் படகும்

இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். 2011 கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காட்டில் உல்லாசமாகப் போன ஒரு படகு கவிழ்ந்து 22 பேர் இறந்துபோனார்கள். அதனால் யாராவது "வாங்க, முகத்துவாரம் வரைக்கும் கூட்டிட்டுப் போறேன்" என்று கூப்பிட்டால் உடனே ஏறிவிடாதே. அனுமதி இருக்கிறதா, ஆளுக்கொரு உயிர்க்கவசம் இருக்கிறதா என்று கேள். ஒன்று குறைந்தாலும் ஏறாதே. கூட்டத்தோடு போய்விட்டோம், வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்று தயங்காதே. நீ இறங்கினால் உன் பின்னால் ரெண்டு பேர் இறங்குவார்கள்.

பாலம் தாண்டிப் போனால் கலங்கரை விளக்கக் குப்பத்தில் கடற்கரை. காலை மட்டும் நனை, இறங்கிக் குளிக்காதே. முகத்துவாரப் பக்கம் நீரோட்டம் இழுக்கும், மேலே பார்த்தால் தெரியாது.

7. எந்த நாளில் போகக் கூடாது

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடுகிற நாளில் மீனவர்களைக் கடலுக்குப் போக வேண்டாம் என்பார்கள், வெளியாட்களையும் தடுக்க வாய்ப்பு உண்டு. செய்தி பார்த்துவிட்டுக் கிளம்பு. ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை இருந்தால் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போடு. கத்திரி வெயிலில் வேண்டவே வேண்டாம். மாத விலக்கின் முதல் நாளிலும் தள்ளிப்போடுவது உனக்கே நல்லது, நல்ல கழிப்பறை கிடைப்பது அங்கே கஷ்டம். எந்த நாளாக இருந்தாலும் பொன்னேரியிலேயே கழிப்பறை போய்விட்டு ஆட்டோவில் ஏறு.

8. பையில் என்ன வைப்பது

ரெண்டு லிட்டர் தண்ணீர், எலுமிச்சைச் சாதமோ புளிச் சாதமோ ஒரு டப்பா, குடை, பருத்தித் துப்பட்டா, நாப்கின், சில்லறை, ஆதார் நகல், முழு சார்ஜ் ஏற்றிய போன். சாப்பாட்டு டப்பாவில் ஒரு கை கூடுதலாகக் கட்டு. மத்தியானம் டிரைவரையும் சாப்பிடக் கூப்பிடு. நான் ரெண்டாவது தடவை போனபோது வந்த அண்ணா, சாப்பிட்டு முடித்ததும் ஏரிக்கரையில் அவர் சின்ன வயதில் நீந்திய இடத்தைக் காட்டிவிட்டுத்தான் வண்டியை எடுத்தார். அவர் சொன்ன கதைகள்தான் இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கின்றன.

போட்டோ எடுக்கும் முன் கேள். வலை பழுது பார்க்கிறவரும் மீன் அரிகிற அக்காவும் நமக்காக நிற்கவில்லை, வேலையில் இருக்கிறார்கள். நம் லைனில் யாராவது வந்து கேட்காமல் படம் எடுத்தால் நமக்கு எப்படி இருக்கும்? கொண்டுபோன கவரையும் பாட்டிலையும் பையிலேயே திரும்பக் கொண்டுவா. ஏரியில் போட்டால் அது மீன் வலையில்தான் வந்து மாட்டும்.

9. அடுத்த லீவுக்கு

இதே முறையில் திருவள்ளூர் ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ பேசினால் வீரராகவப் பெருமாள் கோயிலையும், 1944-ல் கட்டிமுடித்த பூண்டி நீர்த்தேக்கத்தையும் அரை நாளில் பார்க்கலாம். பூண்டியில் ஆதிமனிதர்களின் கல் கருவிகள் வைத்த அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. பக்கத்து அத்திரம்பாக்கத்தில் 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபுட் கண்டெடுக்கத் தொடங்கிய வகைக் கருவிகள் அவை. முதலில் பழவேற்காடு போய்ப் பழகு, அது கைவந்துவிட்டால் இதெல்லாம் தானாக வரும்.

கடைசியாக ஒன்று. வேலைக்கு வந்த ஊர் என்றால் அங்கே வேலை மட்டும்தான் செய்ய வேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. மாதம் முழுக்க உழைத்து வீட்டுக்குப் பணம் அனுப்புகிறாய். அதில் ஒரு நாளும், மூன்று பேர் பங்கு போட்ட ஆட்டோ வாடகையும் உனக்கு உரியவை. அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். வருகிற லீவுக்கு ரெண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு காலை முதல் ரயிலைப் பிடி. பொன்னேரியில் ஆட்டோ ஏறியதும் வண்டி எண்ணை எனக்கும் அனுப்பிவிடு.